துளையோரத்துச் சாட்சி

ஒரு மூலம் மெய்யா பொய்யா என்று தீர்க்கப் புகுவோர், அஃது எந்தப் பொருளின்மேல், எந்தக் கருவியால், எவ்வாறு எழுதப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த நம் பெரியோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பனையேட்டில் கயிறு கோக்கத் துளையிடுவர். எழுதுவோர் அத்துளையைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு எழுதுவர். பழக்கமில்லாத ஒருவர் அவ்வெற்றிடத்தைக் கண்டு, "இங்கே சொற்கள் அழிந்துபோயின, பாடம் சிதைந்தது" என்று முடிவு கட்டினால் நமக்குச் சிரிப்பு வரும். ஏடு இன்னதென்று அறியாமல் ஏட்டிலுள்ளதை ஆராய்ந்ததால் வந்த பிழை அது.

இதே வகையான பிழை ஒரு சிறிய படச்சுருளைப் பற்றியும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், அமெரிக்க நாட்டு டல்லஸ் நகரில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட காட்சியை, ஏபிரகாம் ஸப்ரூடர் என்னும் துணி வணிகர் தம் வீட்டுக் காமிராவால் எடுத்தார். ஊர்வலக் காட்சி 486 சட்டங்கள். ஓடும் நேரம் ஏறத்தாழ 26 விநாடி. நீட்டிப் பிடித்தால் ஆறடி. இந்த ஆறடிப் பிலிமைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை அடுக்கினால் ஒரு பள்ளி நூலகத்தின் அலமாரி நிரம்பும். அவற்றுள் ஒரு சாரார், இப்படம் பின்னர் திருத்தப்பட்டது, பல படங்களை ஒட்டி உருவாக்கப்பட்டது என்கின்றனர். அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று படத்தின் நடுவில் இல்லை. பிலிமின் ஓரத்தில், துளைக்கும் துளைக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய பட்டையில் இருக்கிறது. அங்கே படம் விழுந்திருக்கக் கூடாதாம். விழுந்தாலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படங்கள் விழுந்திருக்கக் கூடாதாம்.

இக்கட்டுரை அந்தப் பட்டையைப் பற்றியது. கென்னடியைக் கொன்றவர் யார், எத்தனை பேர் என்னும் வழக்கு நமக்கு இங்கே வேண்டுவதில்லை. அந்தப் பட்டையில் படம் விழுமா, விழாதா? விழுந்தால் அது பொய்க்குச் சான்றா, மெய்க்குச் சான்றா? இவ்வளவே கேள்வி.

விடை காணக் காமிராவைத் திறந்து பார்க்க வேண்டும். வீட்டில் படமெடுப்போர்க்கெனக் கோடாக் நிறுவனம் 1923இல் 16 மில்லிமீட்டர் பிலிமைக் கொணர்ந்தது. அதன் செலவு பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே 1932இல் 8 மில்லிமீட்டர் முறையை வெளியிட்டது. இதில் ஒரு சிக்கனம் உண்டு. காமிராவில் போடும் சுருள் உண்மையில் 16 மில்லிமீட்டர் அகலமுள்ளதே. நீளம் 25 அடி. ஓரத்துளைகள் மட்டும் இருமடங்கு நெருக்கமாக இருக்கும். முதல் ஓட்டத்தில் பிலிமின் ஒரு பாதி அகலத்தில் மட்டும் படம் பதியும். ஓடி முடிந்ததும் சுருளை எடுத்துத் திருப்பிப் போட்டால் மறுபாதியில் பதியும். கணக்கேட்டின் முன்பக்கம் தீர்ந்ததும் திருப்பிப் போட்டுக் கடைசியிலிருந்து எழுதிவரும் மாணவனைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். கழுவியபின் ஆலையில் நடுவே நெடுக்காகப் பிளந்து, இரு துண்டுகளையும் ஒட்டி, 50 அடிப் படமாகத் தருவார்கள். ஸப்ரூடரின் சுருளிலும் முதற்பாதியில் இருந்தவை குடும்பக் காட்சிகள். உலகம் அறிந்த அந்த ஆறடி மறுபாதியில் இருக்கிறது.

பிளந்தபின் 8 மில்லிமீட்டர் பிலிமுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே துளைகள் இருக்கும். சட்டத்துக்கு ஒரு துளை. அத்துளை சட்டத்தின் நடுவில் அமையாமல், ஒரு சட்டமும் அடுத்த சட்டமும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் ஓரத்தில் அமைந்திருக்கும். ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்கு உள்ள தொலைவு 3.81 மில்லிமீட்டர், துளையின் உயரம் 1.27 மில்லிமீட்டர். எனவே இரு துளைகளுக்கு இடையே இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பிலிம் இருக்கிறது. பிலிமின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தத் துளை வரிசைக்கென விடப்பட்டது. அங்கும் ஒளியை உணரும் பூச்சு உண்டு. ஆலையில் பூசுபவர், "இது துளையோரம், இங்கே வேண்டாம்" என்று விலக்கிப் பூசுவதில்லை. ஒளி பட்டால் அதுவும் படமாகும்.

ஒளி படுமா என்பதே அடுத்த வினா. காமிராவின் வில்லை வட்டமாகப் படம் வீழ்த்தும். அந்த வட்டத்திலிருந்து நீள்சதுரமான ஒரு துண்டை வெட்டிக் கொடுப்பது பிலிமின் முன் நிற்கும் தகட்டிலுள்ள சாளரம். சாளரத்துக்கு வெளியே விழும் ஒளியைத் தகடு மறைக்கும். ஆனால் அத்தகட்டுக்கு வேறொரு வேலையும் உண்டு. பிலிமைச் சட்டம் சட்டமாக இழுக்கும் ஒரு சிறு கொக்கி துளைக்குள் நுழைந்து, ஒரு சட்டத்தின் தொலைவு இழுத்து, வெளியே வந்து, மீண்டும் பழைய இடத்துக்குப் போக வேண்டும். கொக்கி நடமாட ஒரு பிளவு வேண்டுமன்றோ? பிளவு எங்கே இருக்கும்? துளை வரிசைக்கு நேரே, சாளரத்தின் பக்கத்திலேயே இருக்கும். அதன் வழியாகவும் வில்லையின் ஒளி நுழையும். சில காமிராக்களில் சாளரமும் பிளவும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். தடுப்பதற்கு நடுவே எதுவும் இராது. அத்தகைய காமிராவில் படம் துளைவரை, சில வேளைகளில் துளை கடந்து பிலிமின் விளிம்புவரையும் பரவும்.

செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை, அவர்கள் கவலைப்படவில்லை. வீட்டில் படம் காட்டும் பொறியின் சாளரம் காமிராவின் சாளரத்தைவிடச் சிறியது. துளையோரத்தை அது முழுதும் மறைத்துவிடும். வெண்துணி கட்டிப் பார்த்த குடும்பத்தார் எவருக்கும் தம் படத்துக்கு அருகே இன்னொரு துண்டுப் படம் உண்டென்பது தெரிந்திராது. பார்க்கப்படாத இடத்தை ஒழுங்குபடுத்த எந்த வணிகனும் காசு செலவிட மாட்டான்.

இனி இரட்டைப் படத்துக்கு வருவோம். இதுதான் பலரை மயக்கியது. மேலே சொன்ன கொக்கி ஒரு சட்டத்தின் முழு உயரத்துக்கும் ஏறி இறங்க வேண்டும்; கொக்கியின் தடிப்பும் அதனோடு சேரும். ஆகையால் பிளவின் உயரம் சாளரத்தின் உயரத்தைவிட மிகுதி. பிளவு மேலேயோ கீழேயோ நீண்டிருந்தால், சாளரத்தில் நிற்கும் சட்டத்தின் துளையோரம் மட்டுமன்றி, அண்டையிலுள்ள சட்டத்தின் துளையோரமும் பிளவின் முன் வந்து நிற்கும். பத்தாம் சட்டம் பதியும்போது பதினோராம் சட்டத்தின் ஓரத்திலும் சிறிது ஒளி விழுந்துவிடுகிறது. பிறகு கொக்கி இழுக்கிறது. பதினோராம் சட்டம் சாளரத்துக்கு வருகிறது. அதே ஓரத்தில் இப்போது அதற்குரிய படமும் விழுகிறது. ஒரே இடத்தில் இரு தடவை ஒளி. ஸப்ரூடரின் காமிரா விநாடிக்குச் சராசரி 18.3 சட்டம் ஓடியதென அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையினர் சோதித்துக் கண்டனர். அப்படியானால் இரு பதிவுகளுக்கும் உள்ள இடைவெளி விநாடியில் பதினெட்டில் ஒரு பங்கே. அந்தச் சிறு நேரத்துக்குள் வண்டி நகர்ந்திருக்கும். வண்டியைத் தொடர்ந்து காமிராவும் திரும்பியிருக்கும். ஆகையால் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல், பேய்நிழல் போல விலகித் தெரியும். மோட்டார் சைக்கிளின் ஒரு பாகம் வானத்தில் மிதப்பதுபோல ஓரத்தில் தெரிவதன் காரணம் இதுதான். கொக்கி வில்லைப் பக்கத்திலிருந்து நுழையும் அமைப்பாயின், அது திரும்பிச் செல்லும் நேரத்தில் அதன் நிழலும் ஓரத்தில் இருண்ட திட்டாக விழும்.

இவ்வளவும் விளங்கியபின், "ஓரத்தில் இரட்டைப் படம் இருக்கிறது, ஆகவே இது ஒட்டுவேலை" என்பாரை நோக்கி நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. அன்பரே, அக்காமிராவின் தகட்டை நீர் பார்த்தீரா?

ஸப்ரூடர் பயன்படுத்தியது பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தாரின் 414 பிடி என்னும் சாவி முடுக்கும் காமிரா. பிலிம் இரண்டாம் கோடாக்குரோம். வில்லையின் குவிதொலைவை 9 மில்லிமீட்டரிலிருந்து 27 மில்லிமீட்டர் வரை மாற்றலாம். அவர் தொலைவிலுள்ளதை மிக நெருக்கிக் காட்டும் 27 மில்லிமீட்டர் நிலையில் வைத்து எடுத்தார். இது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் வழக்கு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. வில்லையின் நிலை மாறினால் அது வீழ்த்தும் ஒளிவட்டத்தின் பரப்பும், ஓரத்தில் அதன் வலிமையும் மாறும். ஒரே காமிராவை அகலக் காட்சி நிலையில் வைத்து எடுத்தால் துளையோரப் படம் பாதியில் மங்கி நின்றுவிடலாம். நெருக்க நிலையில் எடுத்தால் விளிம்பு முட்டப் பரவலாம். காமிராவின் பெயர் ஒன்றாயிருந்தால் போதாது; நிலையும் வெளிச்சமும் ஒன்றாயிருக்க வேண்டும். இந்த ஒப்புமை இல்லாத சோதனையை வைத்துக்கொண்டு, "என் காமிராவில் படம் விளிம்புவரை வரவில்லை; அவர் காமிராவில் வந்திருக்கிறது; எனவே அவர் படம் பொய்" என்பது தருக்கமன்று. செந்தாளில் எழுதிய மையும் வெண்டாளில் எழுதிய மையும் நிறம் வேறுபடுகின்றன, ஆகவே எழுதியவர் இருவர் என்று சொல்வது போன்றதே அது.

கோடாக்கில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ரோலண்ட் ஸவாடா என்னும் பொறியியலறிஞர், அமெரிக்க அரசு அமைத்த ஆவண மறுஆய்வு வாரியத்துக்காக 1998இல் ஓர் அறிக்கை எழுதினார். அவ்வறிக்கையின் சிறப்பு, அவர் யாரையும் நோக்கி வாதாடவில்லை என்பது. அதே வகைக் காமிராக்களைத் தேடிப் பெற்று, தகட்டை அளந்து, படமெடுத்து, ஓரத்தைப் பார்த்தார். துளையோரப் படமும் இரட்டைப் பதிவும் கொக்கி நிழலும் அக்காமிராவின் அமைப்பினால் வருவன என்று காட்டினார். அவருடைய முதல் சோதனைப் படங்களில் எல்லாம் ஓரம் விளிம்புவரை ஒரே சீராக நிரம்பவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பாளர் மீண்டும் எழுந்தனர். அவ்வெதிர்ப்பு முழுவதும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சோதனையை மீண்டும் செய்துபார் என்று கேட்பது ஆராய்ச்சியில் நியாயமே. ஆனால் கேட்டவர்கள் விடைக்குக் காத்திராமல் நூல் எழுதத் தொடங்கியதுதான் முறையன்று. 2003இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூல் இப்படம் முழுதுமே புரட்டு என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தது. விசாரணைக்கு முன்னே தீர்ப்பை எழுதியவரிடம் சாட்சியைப் பற்றிப் பேசிப் பயன் என்ன?

உண்மையில் அந்த ஓரப் பட்டை புரட்டுக்குப் பகையானது. புரட்டு செய்ய நினைப்பவன் வேலையை எண்ணிப் பாருங்கள். 21ஆம் சட்டத்தில் ஒரு மனிதனை நீக்குகிறான் என்று கொள்வோம். நீக்கிய சட்டத்தோடு வேலை முடியுமா? அச்சட்டம் பதிந்த அதே கணத்தில் விழுந்த ஒளி அண்டைச் சட்டத்தின் ஓரத்திலும் மங்கலாகக் கிடக்கிறது. அதையும் திருத்த வேண்டும். திருத்தும்போது அங்கே முன்னமே உள்ள மற்றொரு படம் கெடாமல் பார்க்க வேண்டும். கொக்கி நிழல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சட்டமும் தன் பக்கத்துச் சட்டத்தோடு கைகோத்து நிற்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். இவ்வளவும் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு சட்டத்தில், 1963ஆம் ஆண்டின் ஒளியியல் அச்சுப் பொறிகளைக் கொண்டு செய்யப்பட வேண்டும். செய்து முடித்து, மறுபடியும் கோடாக்குரோம் பிலிமில் ஏற்றினால், நகலுக்கு இயல்பான கடுமை நிறத்தில் ஏறும், துகள் பெருகும். நகல் பிலிமுக்கு உரிய விளிம்புக் குறியும், மூலத்திலிருந்து வந்த விளிம்புக் குறியும் இரண்டும் அதில் தெரியும். இரு மாணவரின் விடைத்தாள்களில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினர் என்று கண்டுபிடிப்பது நம் தொழிலில் அன்றாடம் நிகழ்வது. நகல் எங்கேயாவது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இதுவரை ஒரு சாராரையே கண்டித்தேன். மற்றைச் சாராரையும் விட்டுவிட இயலாது. ஐயம் வளர்ந்ததற்கு முதற்பொறுப்பு அவர்களுடையது.

அன்று மாலை நடந்ததைப் பார்ப்போம். மூலப் பிலிம் டல்லஸிலிருந்த கோடாக் ஆலையில் கழுவப்பட்டது. பின்னர் ஜேமிசன் நிறுவனத்தில், இன்னும் நடுவே பிளக்கப்படாத நிலையிலேயே, மூன்று நகல்கள் எடுக்கப்பட்டன. நகலெடுக்கும் பொறியின் ஒளிவாயில் படப் பகுதிக்கு மட்டுமே ஒளி விட்டது. துளையோரம் நகலில் ஏறவில்லை. இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. பொறி அப்படி, வழக்கமும் அப்படி. ஆனால் விளைவைக் கவனியுங்கள். அந்த மாலையிலிருந்து முழுமையான சாட்சி மூலம் ஒன்றே. நகல்கள் எல்லாம் ஓரம் அறுந்த சாட்சிகள்.

மூலத்தை 'லைப்' இதழ் வாங்கியது. முழு உரிமைக்கும் சேர்த்துக் கொடுத்தது 150,000 அமெரிக்க வெள்ளி. சில சட்டங்களை இதழில் வெளியிட்டது. ஓடும் படமாகப் பொதுமக்களுக்குக் காட்டவில்லை. வாரன் ஆணைக்குழு 1964இல் தன் சான்றுத் தொகுதிகளை வெளியிட்டபோது 171 முதல் 334 வரையுள்ள சட்டங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டது. வண்ணத்தில் எடுத்த படம்! அச்சுச் செலவு அந்நாளில் மிகுதிதான். என்றாலும் ஓர் அரசு, ஓர் அதிபரின் சாவு பற்றிய முதன்மைச் சான்றுக்கு அச்செலவைச் செய்திருக்கலாம். அதிலும் 314, 315 ஆகிய இரு சட்டங்கள் இடம் மாறிப்போயின. தலையில் குண்டு பட்ட 313ஆம் சட்டத்தை அடுத்து வரும் இரண்டும் அவை. முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் அச்சானால், தலை எப்பக்கம் சாய்ந்தது என்பதே தலைகீழாகும். அது அச்சுப் பிழையே என்று புலனாய்வுத் துறைத் தலைவர் ஹூவர் 1965இல் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அச்சுப் பிழையாகவே இருக்கலாம். பிழைதிருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு அஃது எளிதில் நேரக்கூடியதென்று தெரியும். ஆனால் தேர்வுத்தாளில் அத்தகைய பிழை நேர்ந்தால் மறுதாள் அச்சிட்டு அனுப்புகிறோமே! ஆணைக்குழு அதுவும் செய்யவில்லை.

இச்சூழ்நிலையில்தான் ஹெரால்ட் வைஸ்பெர்க் என்பவர் துளையோரத்தைப் படிக்கத் தொடங்கினார். தமக்குத் தாமே நூல் அச்சிட்டு விற்ற தனி மனிதர் அவர். 1966இல் வெளிவந்த தம் இரண்டாம் 'ஒயிட்வாஷ்' நூலில், ஓட்டிப் பார்க்கும்போது தெரியாத ஓரப் பகுதியில் செய்தி உண்டென்று எடுத்துக்காட்டினார். அன்று சாலையின் மறுபக்கத்தில் நின்று வண்ணப்படம் எடுத்துக்கொண்டிருந்த பில் வில்லிஸ் என்பவர், வெடியோசையில் திடுக்கிட்ட கணத்தில் ஒரு படம் எடுத்ததாக ஆணைக்குழுவின்முன் சொல்லியிருந்தார். அப்படம் ஸப்ரூடர் சுருளின் ஏறத்தாழ 210ஆம் சட்டத்தோடு ஒத்த நேரத்தது என்று புலனாய்வுத் துறை வல்லுநர் ஷேனிபெல்ட் கணக்கிட்டார். வைஸ்பெர்க்கோ, துளையோரத்தில் வில்லிஸின் உருவமே தெரிகிறது. 210ஐ அடையும் முன்னரே அவர் காமிராவைக் கண்ணிலிருந்து இறக்குகிறார். ஆகவே படமும் ஓசையும் அதற்கும் முந்தியவை என்று வாதிட்டார். சன்னலிலிருந்து சுட்டவனுக்கு 166 முதல் 210 வரையில் மரக்கிளை மறைத்தது என்பதும், 210க்கு முன் அதிபர்மேல் குண்டு பட்டிருக்க வாய்ப்புக் குறைவு என்பதும் ஆணைக்குழுவின் முடிவு. எனவே எட்டுப் பத்துச் சட்டங்களின் வேறுபாடு சிறியதன்று. விநாடியில் பாதி நேரம்தான்; ஆனால் அந்தப் பாதி நேரத்தின்மேல் முடிவு நின்றது.

வைஸ்பெர்க் தொட்ட முடிவுகளையெல்லாம் நான் ஏற்கிறேன் என்று அன்பர்கள் கருத வேண்டா. முதல் குண்டு குறி தவறியது என்று கொண்டால் இவ்வாதத்தின் கூர்மை பெரிதும் மழுங்கும். அவருடைய நடையிலும் காழ்ப்பு மிகுதி. ஆயினும் அவர் படித்த முறை செம்மையானது. எல்லாரும் நடுவைப் பார்த்துக்கொண்டிருக்க, எழுதினவனுக்கே தெரியாமல் எழுதப்பட்ட ஓரத்தை அவர் படித்தார். ஸப்ரூடர் அதை எடுக்க நினைக்கவில்லை. அவருடைய கண்ணாடித் துளையில் அது தெரியவும் தெரியாது. நினைத்து எழுதியதில் விருப்பு வெறுப்பு கலக்கும். நினையாமல் விழுந்ததில் கலக்க இடமில்லை. பிற்காலத்தார் சிலர் அதே ஓரத்தைப் பொய்க்குச் சான்றாக்கியதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் ஓரத்தை வாசித்தார். மற்றவர் ஓரத்தை வைது தள்ளினார்.

1975ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இப்படம் நாடு முழுவதும் காட்டப்பட்டது. அதற்குமுன் பரவியிருந்தவை நகலின் நகல்கள். நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் 1969இல் காட்டப்பட்டபின் அவை மிகுதியாகக் கைமாறின. அவற்றில் நிறம் மங்கி, கருமை திரண்டு, முகமே அடையாளம் தெரியாது. அத்தகைய நகலைப் பார்த்து, "தலையின் பின்புறத்தில் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள்" என்று சொன்னோரும் உண்டு. நகலெடுக்கும்போது நிழல் கறுப்பாவது இயல்பு. மூன்றாம் நகலை வைத்துக்கொண்டு மூலத்தின்மேல் வழக்குத் தொடுத்தால் யார்தான் என்ன செய்வது!

துளையோரத்தைப் பொதுமக்கள் பார்க்கும் வாய்ப்பு 1998இல் வந்தது. மூலத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் தேசிய ஆவணக் காப்பகத்தில் தனித்தனியே படமெடுத்து, துளையும் விளிம்பும் தெரியும்படி ஒளித்தட்டாக ஒரு நிறுவனம் வெளியிட்டது. அதிலும் சில சட்டங்கள் விடுபட்டதை ஆர்வலர் கண்டுபிடித்தனர். இச்சுருளுக்கு யாரோ சாபமிட்டிருக்கிறார்கள் போலும். என்றாலும் அன்றுமுதல் ஓரம் பற்றிய வழக்கைக் கண்ணால் கண்டு பேச முடிந்தது. அரசு மூலத்தைத் தன்னுடைமையாக்கி, 1999இல் நடுவர் தீர்ப்பின்படி குடும்பத்தார்க்குக் கொடுத்த ஈடு 16 மில்லியன் அமெரிக்க வெள்ளி. ஆறடிப் பிலிமுக்கு அது பெரும் விலை. ஆனால் அந்த விலை நகலுக்கு அன்று, ஓரம் அறுபடாத மூலத்துக்கு.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். நம் நாட்டிலும் வீட்டுக் காமிரா வைத்திருந்தோர் உண்டு. திருமணம், கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி என எடுத்த 8 மில்லிமீட்டர் சுருள்கள் பழைய தகரப் பெட்டிகளில் எங்கேனும் கிடக்கக்கூடும். அவற்றைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பெரும்பாலும் திரையில் தெரியும் பகுதியை மட்டும் எடுத்து, ஓரத்தை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். துளையும் விளிம்பும் சேர்த்துப் பிலிமின் முழு அகலத்தையும் எடுத்துத் தரும்படி கேளுங்கள். விளிம்பிலுள்ள குறி, பிலிம் செய்யப்பட்ட ஆண்டைக் கண்டறிய உதவும். ஓரத்தில் நின்ற ஓர் உறவினர் துளைகளுக்கு நடுவே உயிரோடு இருக்கவும் கூடும். 1965இல் வந்த சூப்பர் 8 பிலிமில் இவ்வாய்ப்புக் குறைவு. துளையைச் சிறிதாக்கி, சட்டத்தின் நடுப்பக்கத்துக்கு நகர்த்தி, ஓரத்தில் வீணாய்ப்போன இடத்தைப் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அது நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அறியாமல் எழுதப்படும் ஓரம் அத்தோடு ஒடுங்கிப்போயிற்று.

மீண்டும் மூலத்துக்கு வருவோம். ஏனெனில் மிகப் பெரிய இழப்பை இன்னும் சொல்லவில்லை. மூலச் சுருள் 'லைப்' இதழின் கையிலிருந்தபோது பிலிம் சேதமுற்றது. 208 முதல் 211 வரை நான்கு சட்டங்கள் போயின. 207ஐயும் 212ஐயும் ஒட்டிவிட்டார்கள். ஆணைக்குழு வெளியிட்ட தொகுதியிலும் அந்த ஒட்டு அப்படியே தெரிந்தது, விளக்கம் இல்லை. எந்த இடத்தில் போயிற்று என்று பாருங்கள்: முதல் குண்டு எப்போது என்னும் வழக்கின் நடுவிடத்தில், 210ஐச் சூழ்ந்த அதே நான்கு! ஐயுறுவோர்க்கு இதைவிடப் பெரிய விருந்து வேண்டுமா? 1967இல் 'லைப்' இதழார் அந்நான்கையும் நகலிலிருந்து எடுத்து வெளியிட்டனர். அவற்றில் மறைக்கத்தக்கதாக எதுவும் இல்லை. தவறுதலாக நேர்ந்த சேதம் என்னும் விளக்கத்தை நான் நம்புகிறேன். நடுப் படம் அவ்வாறு மீண்டது.

ஓரம் மீளவில்லை. நகலில் துளையோரம் ஏறியதில்லை என்று முன்னரே கண்டோம். மூலம் போனதால் அந்நான்கு சட்டங்களின் துளையோரம் உலகில் எங்கும் இல்லை. சாலையோரத்தில் நின்றவர்களின் கையும் தலையும் அந்த நான்கு கணங்களில் எப்படி இருந்தன என்பதை இனி எவரும் பார்க்க முடியாது. பக்கத்துச் சட்டங்களான 207, 212 ஆகியவற்றின் ஓரங்களில், இழந்தவற்றின் ஒளி பிளவு வழியே கசிந்து பதிந்த மங்கல் ஏதேனும் எஞ்சியிருக்கலாம். ஆனால் ஒட்டுப் போட்டவர் கத்திரி வைத்த இடமும் அதுவே.